எழுதியாச்சு என்றால் எழுதியாச்சா?

கணினிச் சரித்திரத்தில் அதிக முறை சொல்லப்பட்ட பொய் எது என்று போட்டி வைத்தால், "விதிமுறைகளை முழுவதும் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்கு இரண்டாம் பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசு "எழுதியாச்சு" என்பதற்கு. முன்னதைச் சொல்வது மனிதர்கள். பின்னதைச் சொல்வது மென்பொருள். அதுவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதாவது, தன் நிரல் மொத்தத்தையும் ஊர் பார்க்கத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் சொல்கிறது.

விஷயம் எளிமையானது. ஒரு செயலி, "இதை டிஸ்க்கில் எழுது" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் தகவலைக் கொடுக்கிறது. கெர்னல் அதை வாங்கி, பேஜ் கேச் என்று நினைவகத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதில் போட்டுவிட்டு "எழுதியாச்சு" என்கிறது. தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டு 'பெறப்பட்டது' என்று சீல் குத்தித் தருவார்களே, அந்த ரகம். அந்தச் சீலை நம்பி யாரும் வீடு கட்ட ஆரம்பிக்க மாட்டார்கள். விவரம் தெரிந்தவர் அதிகாரியின் மேஜை முன்னால் போய், "கையெழுத்தாகிற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்" என்பார். கெர்னலில் அப்படி நிற்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் எஃப்சிங்க். தகவல் டிஸ்க்கில் போய் உட்காரும் வரை அது திரும்பாது. கரண்ட் போனால் உயிர் பிழைக்கும் என்று உத்தரவாதம் உள்ளது எஃப்சிங்க் ஆன தகவலுக்கு மட்டும்தான்.

இந்த ஒரே ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு உலகத்தின் மகா கெட்டிக்காரர்கள் பல வருஷம் கட்டிப் புரண்டிருக்கிறார்கள்.

முதல் அங்கம், 2008 ஜூன். ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளியாகிறது. நீங்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்ற சரித்திரத்தைப் பத்திரப்படுத்த, உள்ளே எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைப் பொருத்தியிருந்தார்கள். எஸ்க்யூலைட் ஒழுக்கசீலன்; மாற்றத்துக்கு மாற்றம் எஃப்சிங்க் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். லினக்ஸில் அப்போது பெரும்பாலானவர்கள் வைத்திருந்த கோப்பு முறைமை எக்ஸ்ட் 3. அதன் சுபாவம் வேறு. ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால் அந்தக் கோப்போடு விடாது. வரிசையில் காத்திருக்கும் அத்தனை பேர் சரக்கையும் இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்லும். பின்னால் ஒரு சினிமா காப்பியாகிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஒரு லிங்க்கை அழுத்துகிறீர்கள். அழுத்தினீர்கள் என்ற மாபெரும் சரித்திரச் சம்பவத்தைக் குறித்துவைக்க, அதுவரை சேர்ந்திருக்கும் சினிமா முதலில் டிஸ்க்கில் இறங்க வேண்டும். அதுவரை பிரௌசர் பிடித்து வைத்த பிள்ளையார். பயனர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள்.

நிரலாளர் சமூகம் இதிலிருந்து தெளிவாக ஒன்றைக் கற்றுக்கொண்டது: எஃப்சிங்க்கைக் கூப்பிட்டால் திட்டு விழும், கூப்பிடாதே. கூப்பிடாவிட்டாலும் எக்ஸ்ட் 3 ஐந்து நொடிக்கொரு தரம் எல்லாவற்றையும் தானே இறக்கிவைத்துவிடும். பிறகு எதற்கு வீண் வம்பு?

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருந்தால் எக்ஸ்ட் 4க்குப் பொறுக்குமா? 2008 டிசம்பரில், லினக்ஸ் 2.6.28இல், நிலையான பதிப்பு என்ற பட்டத்தோடு அது வந்து இறங்கியது. வேகம் வேண்டும் என்பதற்காக 'தாமத ஒதுக்கீடு' என்று ஒரு உத்தி. தகவல் வந்ததும் டிஸ்க்கில் இடம் தேடாதே. அரை நிமிடமோ அதற்கும் மேலேயோ கையில் வைத்திரு, மொத்தமாகச் சேர்ந்ததும் நல்ல இடமாகப் பார்த்துப் போடு. யோசனை அருமை. ஆனால் செயலிகள் என்ன செய்துகொண்டிருந்தன? பழைய கோப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை வழித்துக் கொட்டிவிட்டு, புதிதாக எழுதின. வழித்துக் கொட்டிய சேதி டிஸ்க்குக்குச் சீக்கிரமே போய்விடும். புதிய சரக்கு அரை நிமிடம் கழித்து ஆடி அசைந்து வரும். இரண்டுக்கும் நடுவில் வீடியோ டிரைவர் மண்டையைப் போட்டால்?

2009 ஜனவரியில் உபுண்டுவின் சோதனைப் பதிப்பை ஓட்டிய ஆர்வலர்களுக்கு விடை கிடைத்தது. கணினி தொங்கியது. அணைத்துப் போட்டால் கேடிஇ டெஸ்க்டாப்பின் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட். கோப்பின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அனுமதிகள் இருக்கின்றன. உள்ளே போனால் வெட்டவெளி. சித்தர்கள் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பயனர்கள் சித்தர்கள் இல்லை.

எக்ஸ்ட் 4ஐப் பராமரித்தவர் டெட் சோ. நம் 'துக்ளக்' சோவுக்கு உறவில்லை. ஆனால் அவரைப் போலவே சட்டப்புத்தகத்தை எடுத்து வைத்து எதிராளியை மடக்கத் தெரிந்தவர். இவர் எடுத்த புத்தகம் போசிக்ஸ் நெறிமுறை. எஃப்சிங்க் கேட்காதவனுக்குத் தகவல் எப்போது டிஸ்க்குக்குப் போகும் என்று அதில் எந்த வாக்குறுதியும் கிடையாது. தவறு உங்கள் செயலியில்தான் என்றார். சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி. அப்படியானால் ஃபயர்ஃபாக்ஸ் திட்டு வாங்கியபோது எங்கே இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதுவும் சரி. கெர்னல் தரப்பில் கிண்டல் கிளம்பியது: வேகமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும், எஃப்சிங்க்கும் போட மாட்டேன் என்கிறவர்கள், அப்பாவிடம் குட்டிக் குதிரை கேட்டு அடம்பிடிக்கும் அமெரிக்கக் குழந்தைகள். கோப்பைத் திறக்கும்போது 'ஓ போனீஸ்' என்று ஒரு கொடியைக் கொடுங்கள், குதிரையே வரும் என்றார்கள். அந்தக் கேலி இன்றும் வழக்கில் இருக்கிறது.

வாதத்தில் வென்ற சோ, நடைமுறையில் இறங்கி வந்தார். செயலி கோப்பை வழித்துக் கொட்டிவிட்டு எழுதினாலோ, புதிய கோப்பைப் பழையதன் மேல் பெயர் மாற்றிப் போட்டாலோ, தாமதம் செய்யாமல் உடனே இடம் ஒதுக்கும்படி ஒட்டு போட்டார். 2.6.30இல் அது சேர்ந்தது. கேட்டவர்கள் கையில் குதிரையின் வாலாவது சிக்கியது.

இந்தக் கலாட்டாவில் ஒழுக்கசீலன் என்று சொன்ன எஸ்க்யூலைட்டின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். அது பிறந்தது 2000ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கான வேலையில். கப்பலில் ஓடிய செயலி, டேட்டாபேஸ் சர்வரைப் பிடிக்க முடியாவிட்டால் "இணைப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். குண்டு விழும் நேரத்தில் இது உசிதமில்லை என்று அந்த வேலையில் இருந்த ரிச்சர்ட் ஹிப்புக்குத் தோன்றியது. சர்வரே இல்லாத டேட்டாபேஸை எழுதினார். இன்று உங்கள் போனில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

ஹிப்பின் சோதனை முறையைக் கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கும். நினைவகம் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். முதல் முறை நினைவகம் கேட்கும்போதே "இல்லை" என்று சொல்லவைக்கிறார், சமாளிக்கிறதா பார்க்கிறார். அடுத்த ஓட்டத்தில் முதல் கோரிக்கைக்குக் கொடுத்து, இரண்டாவதற்கு "இல்லை". அதற்கடுத்து மூன்றாவதற்கு. வேலை முழுவதும் முடிகிற வரை ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாக மறுத்துப் பார்க்கிறார். டிஸ்க் பிழைக்கும் இதே வைத்தியம். பாதி எழுதும்போது கரண்ட் போனது போல நடித்துக் காட்டுவதும் உண்டு. மூலநிரல் சுமார் 1,56,000 வரி. சோதனை நிரல் அதைப்போல 590 மடங்கு. 2009இல், விமான மென்பொருளுக்குக் கேட்கிற கிளைவழிச் சோதனையில் நூறு சதவீதம் தொட்டார்கள். டேட்டாபேஸையே காப்புரிமை இல்லாமல் உலகத்துக்குத் தானம் செய்த மனிதர், அதைச் சோதிக்கும் டிஹெச்3 என்ற தொகுப்பை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். எது சொத்து என்று தெரிந்தவர்.

2015இல் மிஹால் ஸாலெவ்ஸ்கி வந்தார். அவரிடம் அமெரிக்கன் ஃபஸ்ஸி லாப் என்று ஒரு கருவி. அது ஒரு முயல் இனத்தின் பெயர். வேலை: உள்ளீட்டைக் கன்னாபின்னாவென்று கலைத்துக் கலைத்துக் கொடுத்து, நிரல் புதிய பாதையில் ஓடினால் அந்தக் குப்பையைப் பத்திரப்படுத்தி, மேலும் கலைப்பது. 590 மடங்கு சோதனைக் கோட்டைக்குள் முயல் நுழைந்து, சுமார் அரை மணி நேர வேலையில் 22 பக் பிடித்துக்கொண்டு வந்தது. ஹிப் கோபித்துக்கொள்ளவில்லை, முயலையும் தன் படையில் சேர்த்துக்கொண்டார். எஸ்க்யூலைட்காரர்கள் தங்கள் டேட்டாபேஸைக் கெடுப்பது எப்படி என்று விரிவாக ஒரு கையேடே எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே அச்சடித்த கொள்ளளவு உள்ளே இல்லாத போலி யுஎஸ்பி குச்சிகளுக்குக்கூட அதில் இடம் உண்டு.

இதற்கிடையே விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தால் பிளக்தான் தேயும். செயலி கெர்னலிடம் கேட்டதையெல்லாம் பதிவு செய்துகொள்; எந்தக் கணத்தில் விழுந்தால் டிஸ்க் எந்தெந்தக் கோலத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டு அத்தனை கோலத்தையும் செய்து பார்; செயலி எழுந்து நிற்கிறதா என்று கவனி. கருவியின் பெயர் ஆலிஸ். 2014இல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை. சுசீந்திரத்துச் சாமியின் பெயர். கூடவே விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன். பதினொரு பிரபல மென்பொருள்களைப் பார்த்தார்கள். கிட், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், ஸூகீப்பர் எல்லாம் அதில் உண்டு. 60 ஓட்டைகள் கிடைத்தன. பெரும்பாலானவை ஒரே ஜாதி: "என் கோப்பு முறைமை இப்படித்தான் எழுதும்" என்று யாரும் தராத வாக்குறுதியை நம்பிக் கட்டியவை.

தராத வாக்குறுதியை நம்பியவர்களில் மாபெரும் கனவானுக்கு 2018இல் முறை வந்தது. போஸ்ட்கிரெஸ். வங்கிகள் நம்பும் டேட்டாபேஸ். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பேரேட்டில் குறித்து, அதற்கு எஃப்சிங்க் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகத் தகவல் கோப்புகளில் எழுதும். அவற்றுக்கும் எஃப்சிங்க் ஆன பிறகுதான் பேரேட்டின் பழைய பக்கங்களைக் கழிக்கும். இதற்கு மேல் எவன் ஜாக்கிரதையாக இருக்க முடியும்? எஃப்சிங்க் தோற்றால் என்ன செய்யும்? தோற்றது என்று பதிவு செய்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். யாருக்கும் நியாயமாகத் தோன்றுவதுதான்.

இப்போது கெர்னல் பக்கம். ஒரு பக்கத்தை டிஸ்க்கில் எழுதப்போய்ப் பிழை வந்தால், கெர்னல் பிழை வந்தது என்று ஒரு குறிப்பு வைக்கும். வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு "சுத்தம், எழுத வேண்டியது ஒன்றுமில்லை" என்று சான்றிதழ் கொடுத்துவிடும். எஃப்சிங்க்கோடு வருபவரிடம் குறிப்பைக் காட்டும்; ஒரே ஒரு தரம். அவரே திரும்பி வந்து "இப்ப பாருங்க" என்றால், கெர்னல் பார்க்கும். எழுத வேண்டிய பக்கம் ஏதாவது உண்டா? இல்லை. பிழை? அதுதான் அப்போதே சொல்லியாயிற்றே. "எல்லாம் எழுதியாச்சு சார்." போஸ்ட்கிரெஸ் மனநிறைவோடு போய்ப் பேரேட்டின் பக்கங்களைக் கழித்துவிடும். தகவல் டிஸ்க்கிலும் இல்லை, பேரேட்டிலும் இல்லை, எல்லாரிடமும் "வெற்றி" என்ற பதில் மட்டும் இருக்கிறது. பழைய கெர்னல்களில் இன்னும் விசேஷம்: போஸ்ட்கிரெஸ் கேட்பதற்கு முன்னால், சம்பந்தமே இல்லாத வேறு யாராவது போய்க் கேட்டால், பிழைச் சேதியை அவரிடம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும். அவருக்கு அது தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஏன் இப்படி ஒரு குரூரம் என்று கேட்டார்கள். பதில் பரிதாபமாக இருந்தது: யுஎஸ்பி குச்சி. எழுதிக்கொண்டிருக்கும்போதே குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் எழுத்துப் பிழைகளுக்கு முக்கியக் காரணம். அந்தப் பக்கங்களை "இன்னும் எழுதவில்லை" என்று வைத்திருந்தால், போன குச்சி திரும்பி வராது. நினைவகம் மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். ஆக, யாரோ ஒரு அவசரக்காரர் குச்சியைப் பிடுங்குவார் என்பதற்காக ஏற்படுத்திய விதி, வங்கிக் கணக்கின் மேல் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கங்களை விடாமல் வைத்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் எதுவும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

2018 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் கெர்னல்காரர்களும் போஸ்ட்கிரெஸ்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். 2019 பிப்ரவரியில், பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டம் மாநாட்டில், போஸ்ட்கிரெஸ் இருபது வருஷம் எஃப்சிங்க்கைத் தப்பாகப் பயன்படுத்தியது எப்படி என்றே தலைப்பு வைத்துப் போஸ்ட்கிரெஸ்காரர் ஒருவர் பேசினார். இந்தத் தைரியம் எந்தக் கம்பெனிக்கு வரும்? அதே மாதம் காதலர் தினத்தன்று தீர்வு வெளியானது. அது என்ன தெரியுமா? எஃப்சிங்க் ஒரு தரம் தோற்றால் மறுபடி கேட்காதே, அங்கேயே விழுந்து செத்துப்போ. எழுந்து வந்து பேரேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுது. தற்கொலையே சிகிச்சை. இதற்கும் விஸ்கான்சின்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2020இல் சோதித்துவிட்டு, செத்து எழுந்தாலும் முழுப் பிழைப்பு நிச்சயமில்லை என்றார்கள். எழுந்து வந்து படிக்கும் பேரேடு டிஸ்க்கிலிருந்து வராமல் பேஜ் கேச்சிலிருந்து வரலாம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

"இதெல்லாம் கணிதமாக நிரூபித்து எழுதாததால் வரும் வினை" என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். எம்ஐடியில் 2015இல் எஃப்எஸ்சிக்யூ என்ற கோப்பு முறைமையைக் கணித நிரூபணத்தோடு எழுதினார்கள். எந்தக் கணத்தில் விழுந்தாலும் தகவல் பிழைக்கும் என்பது தேற்றம். 2018இல் விஜய் சிதம்பரத்தின் டெக்சஸ் குழு, கிராஷ்மங்கி என்ற தங்கள் குரங்கை அவிழ்த்துவிட்டது. சின்னச் சின்ன வேலைகளாக, இரண்டு மூன்று கட்டளைகளைக் கோர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு எஃப்சிங்க்குக்குப் பிறகும் விழவைத்துப் பார்க்கும் குரங்கு அது. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வருஷக்கணக்காகப் பதுங்கியிருந்தவற்றைப் பிடித்தது. போகிற போக்கில் தேற்றத்தையும் கடித்தது. தேற்றத்தில் குறையில்லை. தேற்றத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவே, நிரூபிக்காமல் விட்ட பாலத்தில் இருந்தது பக்.

இந்தத் துறையில் இன்னொரு வழக்கம் உண்டு: ஏதாவது நடந்தால் கோப்பு முறைமையை முதலில் உள்ளே தூக்கிப் போடுவது. 2018 கடைசியில் லினக்ஸ் 4.19இல் கோப்புகள் கெட்டபோது வாரக்கணக்கில் எக்ஸ்ட் 4 கூண்டில் நின்றது. உண்மைக் குற்றவாளி அதற்குக் கீழே, டிஸ்க்குக்கு வேலைகளை அனுப்பும் அடுக்கில் இருந்தான்.

2023இல் இதைவிட ருசியான வழக்கு. இசட்எஃப்எஸ் பரம்பரைப் பணக்காரன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் போட்டு, கெட்டுப்போனதைத் தானே கண்டுபிடிக்கும் என்று பெயர். இசட்டெஸ்ட் என்று அதற்கு ஒரு சோதனை நிரல் உண்டு. டிஸ்க்கை வேண்டுமென்றே கெடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத்தானே கொன்றுகொள்ளும். (அதே சன்னில்தான் 2008இன் கடைசி நாளில் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன் நின்று அடித்தொண்டையில் கத்தி, அந்த அதிர்வில் டிஸ்க்குகள் மெதுவாவதை வரைபடத்தில் காட்டி வீடியோ போட்டார். கத்திப் பார்க்கும் சோதனையை அதற்கு முன் யாரும் எழுதியிருக்கவில்லை.)

2023 அக்டோபரில் இசட்எஃப்எஸின் 2.2.0 பதிப்பு வந்தது, பிளாக் குளோனிங் என்ற புது வசதியோடு. நவம்பரில், ஜென்டூ லினக்ஸில் கோ மொழியை நிறுவியவர்களுக்கு, காப்பியான கோப்புகளில் துண்டு துண்டாகப் பூஜ்யங்கள். அளவு சரி. சில இடங்களில் உள்ளே பூஜ்யம். புது மருமகளாயிற்றே, பிளாக் குளோனிங்கைப் பிடித்து 2.2.1இல் பூட்டி வைத்தார்கள். பிறகு ஒருவர் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குளோனிங்கே இல்லாத பழைய பதிப்புகளிலும் இதைச் செய்து காட்டினார். மருமகள் நிரபராதி. காரணம் பல வருஷப் பழசு. கோப்பில் இப்போதுதான் எழுதியிருக்கிறது, இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லை. அந்தக் கண்ணிமைப்பில் யாராவது "இந்தக் கோப்பில் ஓட்டை, அதாவது எதுவும் எழுதாத இடம், எங்கே?" என்று கேட்டால், எழுதாத சரக்கு கையில் இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் ஒரு தடயத்தை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்றது இசட்எஃப்எஸ். டிஸ்க்கில் உள்ள பழைய நிலவரத்தைப் பார்த்து "இதோ, எல்லாம் ஓட்டை" என்றது. இத்தனை காலம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. 2021இல் வந்த புதிய சிபி கட்டளை கெட்டிக்காரத்தனமாகக் கேட்க ஆரம்பித்தது. ஓட்டை என்றால் காப்பி செய்ய வேண்டாமே. செக்சம்? கனகச்சிதம். பூஜ்யங்களுக்குச் சரியான செக்சம் போட்டு, பூஜ்யங்களைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. திருத்தம் சில வரிகள். நவம்பர் 30இல் 2.2.2, கூடவே பழைய வரிசைக்கு 2.1.14.

எக்ஸ்ட் 4 ஆட்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு வாரம்கூடக் கிடைத்திருக்காது. டிசம்பர் முதல் வாரம் கழிவதற்குள், 6.1.64 கெர்னலில், பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்டிய ஒரு திருத்தம் தன் கூட்டாளித் திருத்தம் இல்லாமல் தனியாக வந்து எக்ஸ்ட் 4இல் தகவலைக் கெடுப்பதாகத் தெரிந்தது. டெபியன் 12.3 அந்தக் கெர்னலோடு அப்போதுதான் வெளியாகிக்கொண்டிருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, டிசம்பர் 10ஆம் தேதி, அவசர அவசரமாக 12.4 என்று எண் மாற்றிவிட்டார்கள்.